சட்ட வரைவுக்கு இணையம் வழியே கருத்துச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஒரு சட்டத்தையோ விதியையோ கொண்டுவருவதற்கு முன் அதன் வரைவை இணையத்தில் ஏற்றி, இன்ன தேதிக்குள் கருத்துகளையும் ஆட்சேபணைகளையும் அனுப்பலாம் என்று அறிவிப்பது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர் நூலகத்தில் சில ஆண்டுகளாக மாலை வேளைகளில் நாலைந்து பேர் கூடி இத்தகைய வரைவுகளைப் படிக்கிறோம்; மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், எங்களுக்குத் தெரிந்தவரையிலான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இணையம் வந்ததால் குடிமக்களுக்கும் அரசுக்கும் இடையே உண்மையில் மாறியது என்ன?

எல்லாவற்றுக்கும் முதலில் மாறியது, அரசின் காகிதங்களைப் பார்க்கும் வாய்ப்பு. ராஜஸ்தானில் 1990-களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் போன்றவர்களும் கேட்டதெல்லாம், அரசுப் பணிகளில் வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலுக்கும் செலவுச் சீட்டுகளுக்கும் நகல் தர வேண்டும் என்பதுதான். 1994-இல் தொடங்கி அவர்கள் நடத்திய மக்கள் விசாரணைகளில் அந்தப் பட்டியல்கள் உரக்க வாசிக்கப்பட்டபோது, இறந்துபோனவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்தப் போராட்டங்களின் நீட்சியாகத்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2019-இல் அதே மாநிலத்தில் ஜன் சூசனா என்ற இணையதளம் தொடங்கப்பட்டு, ரேஷன் கடைக்கு வந்த சரக்கு முதல் ஓய்வூதியம் பெறுவோர் பட்டியல் வரை மனு எதுவும் போடாமலேயே பார்க்கும்படி ஆனது. ஒரு நகலுக்காகத் தெருவில் உட்கார்ந்த காலத்துக்கும் கைப்பேசியில் பட்டியலைத் திறக்கும் காலத்துக்கும் இடையே சுமார் 25 ஆண்டுகள்தான்.

ஆனால் எதிர்த்திசையில், அதாவது குடிமகன் சொல்வது அரசின் காதில் ஏறும் திசையில், இந்த அளவுக்கு மாற்றம் நிகழவில்லை. அனுப்புவது மிக எளிதாகிவிட்டது. அனுப்பியதைப் படித்து, ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும் என்ற கடமை பெரும்பாலான துறைகளுக்கு இன்னும் சட்டமாக எழுதப்படவில்லை. இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையைச் சுற்றியே அமையும்.

வரைவை மக்களிடம் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

ஓரளவுக்கு இருக்கிறது. விதிகளை இயற்ற அதிகாரம் தரும் தாய்ச் சட்டம் "முன்னதாக வெளியிட்ட பிறகே" விதிகளை இயற்ற வேண்டும் என்று சொல்லுமானால், 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி வரைவை வெளியிட்டு, வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய எல்லா விவரங்களையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது.

இவை தவிர, ஒன்றிய அரசின் துறைகளுக்கென்று 2014-ஆம் ஆண்டின் சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை உண்டு. வரைவு குறைந்தது 30 நாள் பொதுவெளியில் இருக்க வேண்டும். அது ஏன் தேவை, செலவு எவ்வளவு, சுற்றுச்சூழலுக்கும் அடிப்படை உரிமைகளுக்கும் என்ன விளைவு என்ற விளக்கமும் கூடவே வெளியிடப்பட வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் துறையின் பதிலையும் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். படிப்பதற்கு மிக நல்ல ஆவணம். ஆனால் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது, நிர்வாக முடிவு மட்டுமே. அதனால் ஒரு துறை இதைப் பின்பற்றாமல் விட்டால், அதையே காரணமாகக் காட்டி அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று ஆக்குவது கடினம்.

உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம், கைப்பேசி அழைப்பு பாதியில் துண்டிக்கப்பட்டால் இழப்பீடு வழங்கச் சொன்ன ஒழுங்குமுறையை ரத்து செய்த தீர்ப்பில், விதி இயற்றும் முறையில் வெளிப்படைத்தன்மையைக் கட்டாயமாக்கும் பொதுவான சட்டம் ஒன்றை அமெரிக்காவில் இருப்பதைப் போல நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தியது. கருத்துக் கேட்பு பற்றிய பேச்சுகளில் இந்தத் தீர்ப்பு அதிகம் நினைவுகூரப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பி எதையாவது மாற்ற முடிந்திருக்கிறதா?

முடிந்திருக்கிறது; முடியாமலும் போயிருக்கிறது. அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டிய இரண்டு நிகழ்வுகள் உண்டு.

முதலாவது, இணையச் சமநிலை. 2015 மார்ச் இறுதியில் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 118 பக்கங்களில், 20 கேள்விகளுடன் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. செல்பேசி நிறுவனங்கள் சில செயலிகளுக்கு மட்டும் தனிக் கட்டணமோ சலுகையோ வைக்கலாமா என்பது அதன் அடிநாதம். தன்னார்வலர்கள் சிலர் அந்த 118 பக்கங்களையும் எளிய மொழியில் சுருக்கி, 20 கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் தயாரித்து, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பும்படி ஒரு தளத்தில் வைத்தார்கள். சில வாரங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. அதே ஆண்டு டிசம்பரில் கட்டண வேறுபாடு குறித்துத் தனியே ஒரு அறிக்கை வந்தபோது, ஃபேஸ்புக் நிறுவனம் சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகத் தன் பயனாளர்கள் வழியே ஆயத்த வாசகங்களை லட்சக்கணக்கில் அனுப்பவைத்தது. ஆணையம் அவற்றைப் பார்த்துவிட்டு, கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற ஒழுங்குமுறை வெளியானது. கூடவே, எந்த வாதத்தை ஏன் ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்ற விளக்கக் குறிப்பும் வந்தது.

இரண்டாவது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2020-ஆம் ஆண்டு வரைவு. சுரங்கம், தொழிற்சாலை போன்ற திட்டங்களுக்கு அனுமதி தருமுன் அவற்றால் வரும் பாதிப்பை எப்படி ஆராய வேண்டும் என்று சொல்லும் விதிகள் இவை. மார்ச்சில் தயாராகி, ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வந்தது. நாடே ஊரடங்கில் இருந்தது. அஞ்சல் நிலையம் போவதே அரிதாக இருந்த நாட்கள் அவை. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் 10 நாட்களுக்குள் மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது. அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. இதற்கிடையே எதிர்ப்புப் பிரச்சாரம் நடத்திய சில இளைஞர்களின் இணையதளங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. இத்தனைக்கும் நடுவே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் அமைச்சகத்தைச் சேர்ந்தன. அந்த வரைவு இறுதி வடிவம் பெறாமல் நின்றது. ஆனால் அதே துறையில் பல மாற்றங்கள் அலுவலகக் குறிப்பாணைகள் மூலமாகவும் சிறு திருத்தங்களாகவும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. பதினைந்து லட்சம் பேர் எழுதியதற்கு, ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பதில் சொன்ன ஒரு குறிப்பை நான் பார்க்கவில்லை.

இரண்டு இடத்திலும் மக்கள் பெருந்திரளாகவே எழுதினார்கள். வேறுபாடு, கேட்டவர் மீது சட்டம் சுமத்திய கடமையில் இருக்கிறது. டிராய் சட்டத்தின் 11(4) பிரிவு, ஆணையம் வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அதனால் அங்கே கருத்துகள் வெளியிடப்படுகின்றன. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் மறுப்பு எழுதத் தனிக் கெடு தரப்படுகிறது. திறந்த அரங்கில் விவாதம் நடக்கிறது. முடிவோடு காரணமும் வருகிறது. முடிவு எப்போதும் மக்கள் பக்கம் சாய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோற்றாலும் எதனால் தோற்றோம் என்பது தெரிகிறது.

வாட்ஸப்பில் வரும் ஆயத்த மின்னஞ்சலை அப்படியே அனுப்பினால் பயன் உண்டா?

எண்ணிக்கையைக் காட்ட உதவும். வாதமாக அதிகம் உதவாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 2017-இல் இதே இணையச் சமநிலை குறித்து அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது 2.2 கோடி கருத்துகள் குவிந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அவற்றில் ஏறக்குறைய 1.8 கோடி போலியானவை என்று கண்டது. லட்சக்கணக்கானவை நிறுவனங்களின் பணத்தில் பிறர் பெயரைத் திருடி அனுப்பப்பட்டவை. 77 லட்சம் கருத்துகளைக் கல்லூரி மாணவர் ஒருவரே மென்பொருள் மூலம் அனுப்பியிருந்தார். இப்படி ஒருமுறை நடந்துவிட்டால், உண்மையாக எழுதியவரின் குரலையும் "இதுவும் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிட அலுவலர்களுக்கு வசதியாகிவிடும்.

ஆகவே ஆயத்தக் கடிதம் கையில் வந்தால் அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர், தொழில், பாதிப்பு ஆகியவற்றைப் பற்றி இரண்டு பத்தியாவது உங்கள் சொந்தச் சொற்களில் சேருங்கள்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம், எழுத வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவு, ஆங்கிலம், இந்தி அல்லது அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் சட்டம் தருவதை மென்பொருள் பறித்துவிடும் இடமும் உண்டு. ஒன்றிய அரசின் இணையவழித் தகவல் உரிமைத் தளத்தில் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யும் பெட்டி 3,000 எழுத்துகள் வரை கொள்ளும். ஆனால் நாங்கள் பயன்படுத்தியபோதெல்லாம், ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறியீடுகளும் மட்டுமே அனுமதி என்ற அறிவிப்பு அதன் அருகிலேயே இருந்தது. எங்கள் நூலகத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகத் தமிழில் தட்டச்சு செய்து, அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது பிழை என்று காட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினார். தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. பெட்டியில் ஒரு வரி ஆங்கிலத்தில் "விண்ணப்பம் இணைப்பில் உள்ளது" என்று எழுதிவிட்டு, தமிழ் விண்ணப்பத்தைப் பிடிஎஃப் கோப்பாக இணைப்பதே நாங்கள் கண்ட வழி. வரைவுகளுக்கான கருத்தை மின்னஞ்சலில் அனுப்பும்போது இந்தத் தடை கிடையாது.

கருத்தை எப்படி எழுதினால் எடுபடும்?

தலைப்பில் வரைவின் பெயர், அரசிதழ் எண், தேதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். முதல் பத்தியிலேயே எந்த உட்பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பிறகு அந்த வாசகம் நடைமுறையில் உங்களை எப்படித் தொடும் என்பதை எழுதுங்கள். மேலே சொன்ன 2020 வரைவு, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கான முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முன்மொழிந்தது. "இது ஜனநாயக விரோதம்" என்று எழுதுவதைவிட, "எங்கள் ஊரில் மீனவர்கள் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள், அறிவிப்பு வந்த சேதி தெரிந்து, நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையை யாரையாவது வைத்துப் படித்துப் புரிந்துகொள்ள 20 நாள் போதாது" என்று எழுதுவது பலமானது. கடைசியில் மாற்று வாசகம் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். குறிப்பு தயாரிக்கும் அலுவலருக்கு எடுத்து வைக்கக் கையில் ஏதாவது வேண்டுமல்லவா?

அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள்.

என் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வெளியாகிவிடுமா?

ஆகலாம். 2015 ஏப்ரலில் டிராய் தனக்கு வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை இணையத்தில் ஏற்றியபோது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் அப்படியே வெளியாயின. அதே சமயம், இதற்கு நேர்மாறான போக்கும் சரியில்லை. 2022-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவுக்கு வந்த கருத்துகளை வெளியிடப்போவதில்லை என்று அமைச்சகம் அறிவித்தது. பெரு நிறுவனங்கள் என்ன கேட்டன, அதில் எது சட்டத்தில் ஏறியது என்பதை அறிய வழியில்லாமல் போனது. அந்த மசோதா 2023-இல் சட்டமாகி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே திருத்தி, தனிநபர் தகவல் என்ற காரணம் காட்டி மறுக்கும் வாய்ப்பை விரிவாக்கியது. கருத்தை வெளியிட வேண்டும். தனிமனிதரின் முகவரியையும் எண்ணையும் மறைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வது எளிய வேலைதான்.

வேறு நாடுகளில் இதைவிட நன்றாகச் செய்கிறார்களா?

தைவானின் முயற்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. 2014-இல் சீனாவுடனான வணிக ஒப்பந்தத்தை எதிர்த்த சூரியகாந்தி இயக்கத்து மாணவர்கள் அந்நாட்டு நாடாளுமன்றத்தைக் கைப்பற்றி உட்கார்ந்த பிறகு, அரசும் மென்பொருள் தன்னார்வலர்களும் சேர்ந்து வி-தைவான் என்ற கலந்தாய்வு முறையை உருவாக்கினார்கள். ஊபர் வாடகை வண்டிகள் குறித்து 2015-இல் விவாதித்தபோது போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். காவல் துறைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அதில் ஒருவர் ஒரு வாசகத்தைப் பதியலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். ஆனால் பதில் எழுதுவதற்கான பொத்தானே கிடையாது. அதனால் சண்டை வளர இடமில்லை. ஒரே மாதிரி வாக்களிப்பவர்களை மென்பொருள் குழுக்களாகத் திரையில் வரைந்து காட்டுகிறது. எதிரெதிர்க் குழுக்கள் இரண்டுமே ஏற்கும் வாசகத்தை எழுதினால்தான் அது மேலே வரும் என்பதால், மக்கள் மெல்ல மெல்ல அப்படிப்பட்ட வாசகங்களை எழுதத் தொடங்கினார்கள். காப்பீடு, ஓட்டுநர் உரிமம், வரி போன்றவற்றில் வண்டி ஓட்டுநர்களும் பயணிகளும் ஒத்துப்போன புள்ளிகள் பின்னர் வந்த விதிகளில் இடம்பெற்றன. ஆனாலும் அந்த முறையின் முடிவுகள் அரசைக் கட்டுப்படுத்துபவை அல்ல. நாளடைவில் அதன் பயன்பாடும் குறைந்துவிட்டது. அதே நாட்டில் ஜாயின் என்ற அரசுத் தளத்தில் 60 நாளில் 5,000 பேர் ஆதரித்த கோரிக்கைக்குத் துறை பதில் சொல்லியாக வேண்டும்.

ஐஸ்லாந்தின் கதை மனத்தை அழுத்துவது. 2008-இல் வங்கிகள் சரிந்த பின், 25 பேர் கொண்ட குழு 2011-இல் புதிய அரசியலமைப்பின் வரைவை இணையத்தில் அவ்வப்போது வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டுக்கேட்டே எழுதியது. 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை அடிப்படையாகக் கொள்ளச் சொன்னார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை.

அப்படியானால் வாக்கையே இணையத்தில் செலுத்திவிடலாமே?

எஸ்டோனியாவில் 2005 முதல் செலுத்துகிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையம் வழியே வந்தவை. யாராவது மிரட்டி வாக்களிக்க வைத்தால், பிறகு தனியே மறுபடி வாக்களிக்கலாம். கடைசி வாக்கே எண்ணப்படும். ஆனால் அது 13 லட்சம் பேர் வாழும் நாடு. ஒவ்வொருவரிடமும் சில்லு பதித்த அடையாள அட்டை உண்டு. 2017-இல் அந்தச் சில்லிலேயே ஓட்டை இருப்பது தெரிந்து, சுமார் 7.5 லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டன.

நான் இதை ஆதரிக்கவில்லை. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் அங்கே பயன்படுத்தப்பட்ட வாக்கு இயந்திரங்கள் பற்றிச் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும். மேலும், ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் உள்ள ஊரில், வீட்டுத் திண்ணையில் நாலு பேர் பார்க்கக் கைப்பேசியில் போடும் ஓட்டு ரகசிய ஓட்டாக இருக்காது.

கைப்பேசியும் இணையமும் இல்லாதவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 33 பேர்தான் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆண்களில் 57 பேர். அதற்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருந்தாலும், இணையத்தில் மட்டும் கேட்கும் கருத்து ஊரின் கருத்தாகிவிடாது. இணைய இணைப்பும் அரசின் கையில் இருக்கிறது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நின்ற அதிவேக இணையம் முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான்.

இணையத்தையும் கூட்டத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் ஊராட்சிப் பணிகளின் விவரத்தை அரசுத் தளத்திலிருந்து அச்செடுத்து, அக்டோபர் 2 கூட்டத்துக்கு முந்தின நாள் டீக்கடைச் சுவரில் ஒட்டினார். அதில் வாய்க்கால் மேல் சிறுபாலம் ஒன்று முடிந்துவிட்டதாக இருந்தது. கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, "அந்த வாய்க்கால நான் நேத்தும் சேலையத் தூக்கிக் கட்டிக்கிட்டுத்தான் தாண்டுனேன்" என்றார். அந்த வாக்கியம் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. தை மாதத்துக்குள் பாலம் கட்டப்பட்டது. அவரிடம் கைப்பேசியே கிடையாது.

கெடு முடிந்துவிட்டது. இனிச் செய்ய ஏதாவது உண்டா?

உண்டு. ஒன்றிய அரசின் வரைவாக இருந்தால், வந்த கருத்துகள் எத்தனை, அவற்றின் சுருக்கக் குறிப்பு எங்கே, 2014 கொள்கைப்படி அது இணையத்தில் ஏற்றப்பட்ட தேதி எது என்று தகவல் உரிமை விண்ணப்பத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்; 30 நாளில் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டு அரசின் துறைகளிடம் கேட்கவும் தனி இணையதளம் இருக்கிறது. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் அந்தக் குழு மக்களிடம் மனுக்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடுவது உண்டு. முதலில் அனுப்பிய கடிதத்தையே செப்பனிட்டு அங்கேயும் அனுப்பலாம். "அத்தகைய குறிப்பு எதுவும் தயாரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கையெழுத்தும் முத்திரையுமாக அரசே எழுதிக் கொடுத்த அந்த ஒற்றை வரியை உங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள்.